பிடுங்கினாலும் எழுந்து நிற்கிற சிஸ்டம்

மலையில் இடி உறுமினால் முதலில் நடக்கிற காரியம், சுவரில் சொருகியிருப்பதையெல்லாம் பிடுங்கிப் போடுவது. டிவி, மிக்சி, செல் சார்ஜர், எதுவானாலும் சரி. சுவிட்சை அணைத்தால் போதாது, ஒயர் சுவரைத் தொட்டுக்கொண்டே இருக்கக் கூடாது. அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருப்பவர்கள்கூடத் துடுப்பை அப்படியே விட்டுவிட்டு எழுந்து ஓடுவார்கள். ஏதோ ஒரு வருடம் ஏதோ ஓர் ஊரில் டிவி வெடித்துக் கூரை பற்றிக்கொண்டதாம். எல்லோருக்கும் அந்தக் கதை தெரியும். எந்த ஊர் என்பதைத்தான் ஆளுக்கு ஒன்றாகச் சொல்வார்கள்.

நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான். ஆஸ்பத்திரி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு டிரஸ்ட் நடத்துவது. ஒரு டாக்டரம்மா, ஒரு சிஸ்டர், பெருக்கித் துடைக்கிற அக்கா, சீட்டு போடுகிற நான். வருகிறவர்களின் பெயர், ஊர், உடம்புக்கு என்ன, என்ன மாத்திரை கொடுத்தது, என்ன ஊசி போட்டது, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். சிஸ்டர்தான் பக்கத்தில் உட்கார்ந்து டைப் அடிக்கச் சொல்லிக் கொடுத்தார். நான் ஏற்றுவதெல்லாம் என் மேஜைக்குப் பின்னால் இருக்கிற சின்ன அறையில் உள்ள சர்வருக்குப் போய்ச் சேரும். அதற்குள் டேட்டாபேஸ் இருக்கிறது. இந்த மலையில் யார் யாருக்கு எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்பது மொத்தமும் அந்தப் பெட்டிக்குள்தான்.

இடி இடித்தால் அக்கா அதையும் பிடுங்கிவிடுவாள்.

யூ.பி.எஸ். வைத்திருந்தோம். கரண்டு போனால் கொஞ்ச நேரம் தாங்கும். ஆனால் அக்கா சுவரில் பிடுங்கியதோடு விடுவதில்லை. பிடுங்கிய பிறகும் அதில் பச்சை விளக்கு எரிவது அவளுக்கு ஆகாது. கரண்டு இன்னும் உள்ளே பதுங்கியிருக்கிறது என்று, யூ.பி.எஸ்ஸுக்கும் சர்வருக்கும் நடுவில் போகிற ஒயரையும் உருவிவிடுவாள்.

"அக்கா, அத்த அணைச்சிட்டுத்தான் உருவணும்க்கா. இப்பிடி உருவுனா மெஷின் செத்துடும்."

"மெஷினு செத்தா வேற மெஷினு வாங்கிக்கலாம். நீ செத்தா உன் புருசன் வேற ஒருத்திய கூட்டியாந்துடுவான். போமே அப்பால."

ஒரு தடவை அந்த அறைக்குப் பூட்டு போட்டேன். அவ்வளவுதான். உள்ளே வேலை செய்கிறவர்களின் முகத்துக்கு எதிரே பூட்டு தொங்குவது இங்கே பெரிய அவமானம். அக்கா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. சீட்டு வாங்க வந்தவர்களெல்லாம், "இன்னா, உள்ள பொணம் கிணம் கீதா?" என்று கேட்டார்கள். டாக்டரம்மாவே பூட்டைக் கழற்றி எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

இதெல்லாம் சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது, ஒரு பெரியவர் இரண்டாம் முறை வருகிறவரைக்கும்.

சாமை போடுகிறவர், மேட்டுக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர். காலில் முள் குத்திப் புண்ணாகி வந்திருந்தார். டாக்டரம்மா ஊசி எழுதப் போனவர், அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"இவருக்கு இந்த ஊசி போட்டு உடம்பெல்லாம் தடிச்சு மூச்சு வாங்குச்சே, அது அதுல ஏறலியா?"

திரையில் ஒன்றும் இல்லை. அவர் வந்து போன நாளே அதில் இல்லை. நான் சிவப்பு எழுத்தில் ஏற்றியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்று சாயந்திரம் இடி இடித்ததும் நினைவிருக்கிறது. மறுநாள் மெஷின் எப்போதும்போல எழுந்து நின்றது. எதையும் தொலைத்த மாதிரி முகத்தைக் காட்டவில்லை. தொலைத்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே திரும்ப ஏற்றியிருப்பேன். ஒன்றுமே நடக்காதது மாதிரி நின்றதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"நீங்களாச்சும் சொல்லக் கூடாதுங்களா?" என்று பெரியவரைக் கேட்டேன்.

"டாக்டரம்மா கைய நான் எப்பிடிம்மா கொறை சொல்றது?" என்றார்.

இதுதான் எங்கள் மலை. டாக்டர் போட்ட ஊசி ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டரிடமே சொன்னால், அவர் கைராசியைப் பழித்ததாக ஆகிவிடும். ஒத்துக்கொள்ளாதது ஏதாவது உண்டா என்று கேட்டால், ஒன்றும் இல்லை என்றுதான் பதில் வரும். எழுதிக் கொடுக்கிற சீட்டு மழையில் நனைந்துவிடும், இல்லாவிட்டால் புளி மூட்டைக்கு அடியில் போய்விடும். ஆக, நோயாளி சொல்ல மாட்டார், சீட்டு சொல்லாது. டாக்டரம்மாவின் ஞாபகமும் அந்தப் பெட்டியும்தான் சொல்ல வேண்டும். அன்றைக்குப் பெட்டி மறந்துவிட்டது, டாக்டரம்மா மறக்கவில்லை.

சிவப்பு வரியை அன்றைக்கே திரும்ப ஏற்றினேன். அதிலிருந்து எனக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. சாயந்திரம் கிளம்புவதற்கு முன்னால் அந்தப் பெரியவரின் பக்கத்தைத் திறந்து, சிவப்பு வரி இருக்கிறதா என்று பார்ப்பேன். இருக்கும். வெளியே வந்து செருப்பு போட்ட பிறகு, பார்த்தேனா பார்க்கவில்லையா என்று சந்தேகம் வரும். திரும்பப் போய்ப் பார்ப்பேன். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று சிலர் பாதி வழியில் திரும்புவார்களே, அந்த வியாதிதான். பஸ் போய்விடும். என் புருசன் வண்டியை எடுத்துக்கொண்டு வந்து, "அந்த மெஷினுக்கு நீ பொண்டாட்டியா, எனக்கு நீ பொண்டாட்டியா, முடிவு பண்ணிச் சொல்லு" என்பார்.

போன வருடம் கோடையில் இரண்டு சேதி ஒன்றாக வந்தன. டாக்டரம்மாவின் அம்மா படுத்த படுக்கையாகிவிட்டதால் அவர் ஊரோடு போகிறார். அடுத்து நிரந்தரமாக யாரும் வரப்போவதில்லை, ஆறு மாதத்துக்கு ஒருவர் என்று மாறி மாறி வருவார்கள். இது முதல் சேதி. சர்வரில் போட்டிருக்கிற ஆபரேட்டிங் சிஸ்டத்தின் ஆயுசு முடிந்துவிட்டது என்பது இரண்டாவது.

இரண்டாவதைச் சொன்னவர் சார். சார் என்றால் பேங்கில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். மலைக்குக் கீழே சந்தவாசலில் வீடு. டாக்டரம்மா கேட்டுக்கொண்டதற்காக மாதத்துக்கு ஒருமுறை பஸ் ஏறி வந்து மெஷின்களைப் பார்த்துவிட்டுப் போவார். முட்டியில் எப்போதும் துணிப்பட்டை போட்டிருப்பார். படி ஏறினால் பெருமூச்சு விட்டு, "மேல வந்துட்டேன், எறங்கறதப் பத்தி அப்புறம் யோசிக்கலாம்" என்று உட்காருவார்.

"இதுக்கு இனிமே அப்டேட் வராதும்மா. ஓட்டை விழுந்தா அடைக்கறதுக்கு ஆள் கெடையாது."

"இப்ப ஓட்டை இருக்குதுங்களா சார்?"

"இருக்கும். எங்கன்னு நமக்குத் தெரியாது. தெரிஞ்சவன் எங்கயாவது இருப்பான்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

பழையதில் இருக்கிறதையெல்லாம் நகல் எடுப்பதற்காக சார் உள்ளே போய்ப் பார்த்தார். உள்ளே இருந்தே கூப்பிட்டார்.

"ஏம்மா, 'திருவிழா'ன்னு ஒண்ணு இருக்குதே, இன்னா இது?"

"அது பாட்டுங்க சார்."

"சர்வர்லயா?"

"ஸ்பீக்கர் செட்டு போடறவரு அக்காவோட கொழுந்தன்ங்க. அவரு செல்லுல எடம் பத்தலன்னு பென் டிரைவ்ல கொண்டாந்து இதுல போட்டு வெச்சிருக்காரு. இந்த ஊர்ல எடம் இருக்கற மெஷின் இது ஒண்ணுதானுங்களே."

"காது குத்துப் பத்திரிகை கூட இருக்குது."

"அதுவும் அவருதானுங்க. இதுல இருந்தாதான் பிரிண்ட்டு நல்லா வருதாம்."

சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். "பேங்க்ல இருந்தப்ப இது நடந்திருந்தா என்ன மட்டும் இல்ல, எனக்கு டீ வாங்கிக் குடுத்தவனையும் சேத்து வூட்டுக்கு அனுப்பியிருப்பாங்க" என்றார். திட்டவில்லை. எனக்குத்தான் தலை நிமிரவில்லை. பாதுகாப்பு என்றால் பூட்டு போடுவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதைச் சொன்னபோது அவர் தலையை ஆட்டினார்.

"பூட்டு அப்புறம்மா. மொதல்ல கதவக் கொறைக்கணும். பாட்டு கேக்கறதுக்கு ஒரு கதவு, படம் பாக்கறதுக்கு ஒரு கதவு, நெட்டுல மேயறதுக்கு ஒரு கதவு. உள்ள வெச்சிருக்கற ஒவ்வொண்ணும் ஒரு கதவு. டேட்டாபேஸுக்கு இதெல்லாம் இன்னாத்துக்கு?"

அடுத்த முறை வரும்போது ஒரு பையில் மூன்று ஹார்ட் டிஸ்க் கொண்டுவந்தார். ஒரே மெஷினில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கலாம் என்றார். ஒன்றில் நாங்கள் இத்தனை நாள் வைத்திருந்ததன் புதிய பதிப்பு. எல்லோர் வீட்டிலும் ஆபீசிலும் இருப்பது, எனக்குப் பழகியது. மற்ற இரண்டும் லினக்ஸ் என்கிற வேறு இனம். அதில் ஒன்று சூடாக இறங்குவது. ஆறு மாதத்துக்கொரு தடவை முழுசாகப் புதுப் பதிப்பு வரும், எல்லாம் இன்றைய தேதிக்கு இருக்கும், திரையும் கண்ணுக்கு அழகு. இன்னொன்று வெறும் கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. படம் கிடையாது, மவுஸைப் பிடித்து இழுக்க ஒன்றும் கிடையாது. வருடக்கணக்காக அதே முகத்தோடு இருக்குமாம்.

"எது சார் நல்லது?"

"மூணும் நல்லதுதான். எந்த எடத்துல வெக்கறோங்கறதப் பொறுத்தது. நான் மாசம் ஒருக்கா வர்றவன். இந்த முட்டி இப்பிடியே போனா அதுவும் இல்ல. இதுகூட குடித்தனம் பண்ணப் போறது நீதான். நீயே சொல்லு."

டாக்டரம்மாவிடம் ஓடினேன். அவர் அலமாரியிலிருந்த தன் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். "நீ எதச் சொல்றியோ அதுதான்" என்றார். பாராட்டுவதற்காகச் சொன்ன மாதிரி இல்லை. அவருக்கு இதையும் சுமக்கத் தெம்பு இல்லை, அவ்வளவுதான். அதைப் பார்த்த பிறகு நான் திரும்ப ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டில் சொன்னேன். "உன்ன எனக்குக் குடுக்கறதுக்கு உங்கப்பன் ஒரு டீ குடிக்கற நேரம் யோசிச்சாரு. நீ இன்னாடான்னா ஒரு பொட்டிக்கு இவ்ளோ யோசிக்கற" என்றார் என் புருசன். எட்டாவது படித்தவளிடம் இதைக் கேட்கிறார்களே என்று ஒரு பக்கம், நான் தப்பாகச் சொல்லி யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் என்று ஒரு பக்கம். பழகியதைச் சொன்னால் பயந்து சொன்னதாக ஆகும். புதியதைச் சொன்னால் தெரியாமல் சொன்னதாக ஆகும்.

கடைசியில் களைத்துப்போய்த்தான் அதைச் சொன்னேன், யோசித்துச் சொன்னேன் என்று சொல்ல முடியாது. "சார், நீங்க எத்தப் போட்டாலும் அக்கா புடுங்கத்தான் போறாங்க. புடுங்கிப் பாத்துடலாம். எது தாங்குதோ அது."

சார் சிரித்தார். "பேங்க்லயும் பண்ணுவோம்மா. அங்க அதுக்கு ஒரு பேர் வெச்சு மீட்டிங் போட்டுப் பண்ணுவோம்."

மூன்றிலும் பொய்யான நோயாளிகளை ஏற்றி வைத்தார். நான் ஒரு புதுப் பெயரை ஏற்றி முடித்ததும் அவரே ஒயரை உருவினார். திரும்பச் சொருகினார். மூன்றும் ஒழுங்காக எழுந்தன. எனக்கு அதில் திருப்தி இல்லை. சார் உருவியது மரியாதையான உருவல். அக்கா அப்படி உருவுவதில்லை. ஒரு இடிக்கு உருவுவாள், கொஞ்சம் அடங்கினால் சொருகுவாள், மெஷின் பாதி எழும்போதே அடுத்த உறுமல் கேட்டால் மறுபடி உருவுவாள். தூங்குகிறவரை எழுப்பி எழுப்பித் தலையில் குட்டுவது மாதிரி.

அக்காவைக் கூப்பிட்டோம்.

"எப்பவும் புடுங்கற மாதிரி புடுங்கும்மா" என்றார் சார்.

அக்கா வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. "இடியே இல்லியே, இன்னாத்துக்குப் புடுங்கணும்?"

"சும்மா, சோதிக்கத்தான்."

"சும்மா சும்மா புடுங்கறதுக்கு நான் இன்னா பைத்தியமா? இத்தினி நாளு புடுங்காத புடுங்காதன்னு இவ என் உசுர எடுத்தா. இப்ப புடுங்குன்றீங்க. நாளிக்கு எத்தனா ஆச்சுன்னா கெழவிதான் புடுங்குனான்னுவீங்க." துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆக, இடிக்காகக் காத்திருந்தோம். சார் ஊருக்குத் திரும்பவில்லை, டாக்டர்கள் தங்குகிற அறையிலேயே இருந்துகொண்டார். பெருமழைக்கு முந்தின நாட்களில் மத்தியானத்துக்கு மேல் மேகம் கூடுவது உண்டு. நாங்கள் காத்திருந்தபோது மட்டும் வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. சீட்டு வாங்க வந்த ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு, "காவலூர்ல டெலஸ்கோப்பு வெச்சிருக்கறவங்கதான் வானத்தப் பாத்துனு ஒக்காந்திருப்பாங்க, நீங்களும் ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றார். எனக்குச் சிரிக்கக்கூட வரவில்லை.

கடைசியாக வந்தது. தெற்கே உறுமியது. அக்கா கையில் இருந்த வாளியை வைத்துவிட்டு ஓடினாள். சார் ஒவ்வொரு டிஸ்க்காக மாற்றிப் போட, நான் ஏற்ற, அவள் பாட்டுக்கு உருவினாள், சொருகினாள், உருவினாள். நாங்கள் இருப்பதே அவளுக்குத் தெரியாத மாதிரிதான் இருந்தது. உதட்டுக்குள் சாமி பெயர் ஓடிக்கொண்டிருந்தது.

பழகியது எழுவதற்கு வெகு நேரம் எடுத்துக்கொண்டது. சரிபார்க்கிறேன், பொறு என்று சுற்றிக்கொண்டே இருந்தது. சார் டீயே குடித்து முடித்துவிட்டார். "சாகலம்மா, யோசிக்குது. நாம இவ்ளோ நாளா அதுல ஏத்தி வெச்சிருக்கற பாரம் அப்பிடி" என்றார். ஆறு மாதத்துக்கொரு தடவை மாறுகிற புதியது வேகமாக எழுந்தது. ஆனால் நான் கடைசியாக ஏற்றிய பெயர் அதில் இல்லை. மூன்றாவது, அந்தக் கறுப்புத் திரை, வெள்ளை எழுத்துகளைக் கடகடவென்று மேலே தள்ளிவிட்டு நின்றது. பெயர் இருந்தது.

"இதுதான் சார்! இது போதும்" என்று கத்தியே விட்டேன். என் தலையிலிருந்து யாரோ விறகுக் கட்டை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. நான் தேர்ந்தெடுக்க வேண்டாம், இடி தேர்ந்தெடுத்துவிட்டது.

சார் எதையோ தட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நெற்றியைத் தேய்த்தார்.

"இல்லம்மா. இது சிஸ்டத்தோட குத்தம் இல்ல. என் குத்தம். ரெண்டாவதுல வேகமா இருக்கட்டும்னு, 'எழுதிட்டேன்'னு மொதல்ல சொல்லிட்டு அப்புறமா எழுதற மாதிரி டேட்டாபேஸ வெச்சுட்டேன். எழுதின பொறகு சொல்லுன்னு மாத்திட்டா இதுவும் தாங்கும்."

மாற்றினார். மெதுவாக எழுந்த முதலாவதை ஒதுக்கி வைத்தார். மறுநாளும் இடி இடித்தது, அக்காவும் உருவினாள். இரண்டும் எழுந்தன. இரண்டிலும் பெயர் இருந்தது. இத்தனை நாள் வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்ததில் தெரிந்தது அவ்வளவுதான். அந்த விறகுக் கட்டை மறுபடி என் தலையிலேயே ஏற்றிவிட்டார்கள்.

அன்று சாருக்கு முட்டி வீங்கிவிட்டது. சிஸ்டர் கொடுத்த ஐஸ் பையை வைத்துக்கொண்டு பெஞ்சில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். நான் அந்த முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த மாதம் இவர் வருவாரா, அதற்கடுத்த மாதம் வருவாரா என்றுதான் ஓடியது.

"சார், நீங்க வரலன்னா இதுங்க ரெண்டும் இன்னா பண்ணும்?"

அவர் ஐஸ் பையை எடுத்தார். இதுவரை நான் கேட்காத கேள்வி அது. "அந்தப் புதுசுக்கு ஆறு மாசத்துக்கு ஒருக்கா யாராவது பக்கத்துல ஒக்காந்து முழுசா மாத்தணும். மாத்தலன்னா ஓட்டை அடைக்கறது நின்னுபோயிடும். நெட்டும் நல்லா இருக்கணும்."

எங்கள் நெட்டு டாங்கிள் ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்குகிறது. காற்று அடித்தால் இருக்கும், அடிக்காவிட்டால் இருக்கும், எப்போது இருக்காது என்று அதற்கே தெரியாது.

"கறுப்பு?"

"ஓட்டை அடைக்கற வேலை மட்டும் சின்னச் சின்னதா வரும். அதுவே ராத்திரில எடுத்துப் போட்டுக்கும், நான் வெச்சுட்டுப் போறேன். மத்தபடி வருசக்கணக்கா மூஞ்சி மாறாது."

"புதுசா ஒண்ணுமே வராதுங்களா?"

"வராது. அத்தத்தான் நெறைய பேர் கொறையா சொல்வாங்க."

"அதுவே இருக்கட்டுங்க."

"யோசிச்சியா?"

"யோசிச்சி யோசிச்சி முடியல சார். டாக்டருங்க மாறிகினே இருக்கப் போறாங்க. இதுவாவது மாறாம கெடக்கட்டும்."

அப்படித்தான் அது வந்தது. சார் ஒரு வாரம் கழித்து வந்து, பழையதிலிருந்த நோயாளிகளையெல்லாம் ஏற்றி, தினமும் இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுக்கிற மாதிரி வைத்தார். பாஸ்வேர்டை சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் எழுதக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். பாட்டுகளை ஒரு பென் டிரைவில் போட்டு அக்காவின் கொழுந்தனுக்குக் கொடுத்தனுப்பினார். அந்த ஆள் ஆடி மாதத் திருவிழாவுக்கு முன்னால் புதுப் பாட்டுகளோடு வந்து அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னா தங்கச்சி, டிவி போயிடுச்சா?"

"டிவி இல்லண்ணா. இனிமே இது இப்பிடித்தான்."

"வெறும் எழுத்தா கீது? ஒண்ணுமே தெரியலியே. பாவம், ரிப்பேர் பண்ணுங்க சீக்கிரம்." பென் டிரைவை சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனவர், அதற்கப்புறம் வரவில்லை. பூட்டு செய்யாததை அந்தக் கறுப்புத் திரை செய்தது. எனக்கு அதில் சந்தோஷம் என்று சொல்ல முடியாது. ஒரு கவலை குறைந்த இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. அழகாக ஏதாவது தெரிந்தால் உயிரோடு இருக்கிறது என்று நம்பலாம். இது ஒரு கோடு கண் சிமிட்டிக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான்.

டாக்டரம்மா போன அன்று மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்துவிட்டார்கள். பலாப்பழம், தேன், ஒரு சேவல்கூட. சேவலைத் திருப்பிக் கொடுக்க அவர் பட்ட பாடு பெரும்பாடு. வேனில் ஏறும்போது என் தோளைத் தட்டினார். ஏதாவது சொல்வார் என்று நின்றேன். "போய்ட்டு வர்றேன்" என்று மட்டும் சொன்னார். அவர் தலைக்குள் இருந்த எத்தனையோ முகங்களும் அந்த வேனிலேயே மலை இறங்கிப் போயின.

புது டாக்டர் சின்ன வயசு. கடலூர்ப் பக்கம். நல்ல மாதிரி, யாரிடமும் எரிந்து விழமாட்டார். ஆனால் யாரையும் தெரியாது. எல்லோரும் அவருக்கு ஒரே மாதிரி தெரிந்தார்கள், பாதிப் பேருக்குப் பெயரும் ஒன்றுதான். திரையைப் பார்த்துத்தான் பேசுவார்.

நான் சாயந்திரம் பெரியவரின் பக்கத்தைத் திறந்து பார்ப்பதை விடவில்லை. சிவப்பு வரி தினமும் இருந்தது. பெரியவர் வரவே இல்லை.

ஐப்பசியில் ஒருநாள் காலையிலிருந்தே இருட்டிக்கொண்டிருந்தது. ஒரு பொம்பளை வந்தாள். கையில் அரிவாள் பட்டு, துணியைச் சுற்றி இரண்டு நாள் விட்டு, அது சீழ் பிடித்திருந்தது. ஊர் கேட்டேன், பெயர் கேட்டேன். முகம் எனக்குத் தெரியவில்லை. முன்னால் வந்திருக்கிறாயா என்றதற்கு, "ஒருக்கா வந்தேன்" என்றாள். பெயரைத் தட்டப் போகும்போது இடி. அக்கா ஓடினாள்.

திரை அணைந்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது.

உள்ளே டாக்டர் அவளைக் கேட்பது காதில் விழுந்தது. "முன்னாடி ஊசி போட்டு அலர்ஜி மாதிரி ஏதாவது ஆகியிருக்காம்மா? உடம்பு அரிச்சுது, தடிச்சுதுன்னு?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல சாமி. நீங்க எத்தப் போட்டாலும் எனக்கு ஒத்துக்கும்."

"சிஸ்டர், அந்த ஊசிய எடுத்து வைங்க" என்றார் டாக்டர். சிஸ்டர் கண்ணாடி டப்பாவைத் திறக்கிற சத்தம் கேட்டது.

நான் எழுந்து கதவருகில் போய், "டாக்டர் சார், மெஷின் எழுந்துக்கட்டும், ஒரு வாட்டி பாத்துட்டு..." என்றேன்.

"அவங்கதான் ஒண்ணும் இல்லன்றாங்களே?"

"இங்க எல்லாரும் அப்பிடித்தானுங்க சொல்வாங்க."

அவர் கையுறையோடு என்னைப் பார்த்தார். வரிசை வாசல் வரைக்கும் நின்றது, குழந்தை ஒன்று கத்திக்கொண்டிருந்தது. "எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார். எனக்குத் தெரியவில்லை. அந்தப் பொம்பளை என்னை முறைத்தாள். டாக்டருக்கு எதிரே அவளைப் பொய்க்காரி ஆக்கிவிட்டேன்.

"அக்கா, சொருகுக்கா" என்றேன்.

"இன்னும் உறுமுதுமே."

"உறுமட்டும். சொருகு."

என் குரல் எப்படி இருந்ததோ, அக்கா மறு பேச்சு பேசாமல் சொருகினாள். வெள்ளை எழுத்துகள் ஓடத் தொடங்கின. பாதியில் வானம் மறுபடி இடித்தது. அவள் கை ஒயருக்குப் போனது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எழுத்துகள் நின்றன. மேஜைக்கு ஓடி வந்து பெயரைத் தட்டினேன்.

அவள் பக்கம் திறந்தது. டாக்டரம்மா போவதற்கு முந்தின வாரம் வந்திருக்கிறாள். கீழே சிவப்பில் இரண்டு வரி. இந்த ஊசி போடக் கூடாது. முகம் வீங்கியது. எழுத்துப் பிழையைப் பார்த்ததுமே தெரிந்தது, ஏற்றியது நான்தான். எனக்கு அந்த நாள் ஞாபகமே இல்லை. அந்த முகமும் இல்லை. இத்தனை நாளாக நான் திறந்து திறந்து பார்த்தது வேறொருவருடைய பக்கத்தை.

டாக்டர் வந்து தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். உள்ளே போய், "சிஸ்டர், அது வேணாம்" என்று வேறொன்றின் பெயரைச் சொன்னார். புண்ணைக் கழுவிக் கட்டி, மாத்திரை கொடுத்து அனுப்பினார். அவள் போகும்போது அக்காவிடம், "இந்த டாக்டரு ஊசிகூட போடல. மாத்திரையிலயே சரி பண்ணிடுவாராம். கைராசிக்காரரு" என்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். சாருக்குப் போன் போட்டுச் சொல்லலாமா என்று நினைத்தேன். என்ன சொல்வது? ஒன்றும் நடக்கவில்லை சார் என்றா? மழை ஓட்டின் மேல் இறங்கியது. உள்ளே இருந்து டாக்டர் குரல் கொடுத்தார்.

"அடுத்தது யாருங்க? அனுப்புங்க."